வெற்றிடம் காதில் விழ 29 ஆண்டுகள்: குயீனின் ‘ஹாட் ஸ்பேஸ்’ ரீமாஸ்டர்

பிரிட்டிஷ் ராக் குழுவான குயீன் 1982ல் வெளியிட்ட ‘ஹாட் ஸ்பேஸ்’ ஆல்பத்தில், ‘டான்ஸர்’ பாட்டு முடியும் இடத்தில் ஒரு தொலைபேசிக் குரல் ஒளிந்திருக்கிறது. பிரையன் மேயின் கிட்டார் மங்கிக்கொண்டே போகும். கடைசி நொடிகளில் அதன் அடியிலிருந்து ஜெர்மன் மொழியில் ஒருவர் பேசுவார்: காலை வணக்கம், உங்களை எழுப்பச் சொல்லியிருந்தீர்கள். ஹோட்டலில் விடியற்காலை அறைக்கு வரும் அழைப்பின் வாசகம் அது.

என்னிடம் பல வருடங்கள் இருந்தது கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிந்த பிரதி. அதில் இந்த இடத்தில் கேட்டதெல்லாம் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் அதற்குள் யாரோ முணுமுணுப்பது போன்ற ஏதோ ஒன்றும்தான். பதிவில் கோளாறு என்றே நினைத்திருந்தேன். பிறகு அதே பாட்டை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைலாக ஒருநாள் இரவு ஹெட்ஃபோனில் கேட்டபோது, அந்தக் குரல் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெரியும்படி வந்து நின்றது. உடம்பு சிலிர்த்தது. ஹை-ரெஸ், அதாவது சிடியைவிட உயர் தர ஃபைல், என்றால் இதுதான் என்று அந்த நேரத்திலேயே நண்பரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அன்று சொன்னதில் பாதிதான் சரி. எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க எனக்கு நாளாயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மியூனிக் அடித்தளம்

1982ல் குயீன் ஏன் நடன இசைக்குப் போனார்கள் என்பதற்குப் பதில் 1980ல் இருக்கிறது. அந்த வருடம் வெளிவந்த ‘தி கேம்’ ஆல்பத்தில் பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் டீக்கன் எழுதிய ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. நியூயார்க்கின் ஷிக் குழு 1979ல் வெளியிட்ட ‘குட் டைம்ஸ்’ பாட்டின் பேஸ் நடை அதில் அப்படியே மணக்கும். ராக் ரசிகர்களும் வாங்கினார்கள், கறுப்பின இசையை ஒலிபரப்பிய வானொலி நிலையங்களும் போட்டன. ஒரே பாட்டு இரண்டு கூட்டத்தையும் ஆட வைத்தது. அப்படி ஒரு பாட்டு அமைந்தால், அடுத்த ஆல்பம் முழுவதையுமே அந்த வழியில் செய்து பார்க்கலாம் என்ற எண்ணம் வராமல் இருக்குமா?

இன்னொரு காரணம் இடம். அந்தக் காலத்தில் குயீன் பதிவு செய்த மியூசிக்லேண்ட் ஸ்டுடியோ மியூனிக் நகரில் அரபெல்லாஹவுஸ் என்ற பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. அதைத் தொடங்கியவர் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடர். பாடகி டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’, அதாவது இயந்திரத் துடிப்பிலேயே ஒரு முழுப் பாட்டைக் கட்ட முடியும் என்று 1977ல் உலகத்துக்குக் காட்டிய பாட்டு, அங்கே உருவானதுதான். தங்கள் எழுபதுகளின் ஆல்பங்களில் ‘இதில் சிந்தசைஸர் பயன்படுத்தப்படவில்லை’ என்று அட்டையிலேயே அச்சிட்ட குழு, மின்னணு டிஸ்கோ பிறந்த வீட்டுக்கே குடிவந்துவிட்டது. பகலெல்லாம் பதிவு, இரவெல்லாம் நகரத்து டிஸ்கோக்கள். சுகர் ஷேக் என்ற டிஸ்கோவில் தங்கள் ரெக்கார்டுகளைப் பெரிய ஸ்பீக்கர்களில் போட்டுக் கேட்டபோது அவை அடைசலாக ஒலித்ததையும், இடைவெளி உள்ள இசைதான் அங்கே எழுந்து நின்றதையும் பிரையன் மே பிற்காலப் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்த ‘இடைவெளி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தின் பெயரிலேயே அது இருக்கிறது.

1982 மே 21 அன்று ஆல்பம் வெளிவந்தது. தயாரிப்பு குயீனும் ரெயின்ஹோல்ட் மாக்கும். முதல் பக்கத்தில் ஐந்து பாட்டுகள், ஐந்தும் நடனத் தளத்துக்கானவை. பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் ‘ஸ்டேயிங் பவர்’ பாட்டில் கிட்டார் இருக்க வேண்டிய இடத்தில் ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் வெடிக்கும். அதை அமைத்துக் கொடுத்தவர் அரீதா ஃப்ராங்க்ளினோடும் பீ ஜீஸோடும் வேலை செய்த ஆரிஃப் மார்டின். ‘டான்ஸர்’ மே எழுதியது; அதில் பேஸ் பகுதியைக்கூட அவரே சிந்தசைஸரில் வாசித்தார். ‘பேக் சாட்’ டீக்கனுடையது. ‘பாடி லாங்வேஜ்’ மறுபடி மெர்க்குரி. ‘ஆக்‌ஷன் திஸ் டே’ டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லர்.

தட்டைத் திருப்பிப் போட்டால் வேறொரு குழு. துப்பாக்கிக் கலாச்சாரத்துக்கு எதிரான ‘புட் அவுட் தி ஃபயர்’ அசல் ராக். 1980 டிசம்பரில் கொல்லப்பட்ட ஜான் லெனனுக்காக மெர்க்குரி எழுதிய ‘லைஃப் இஸ் ரியல்’ பியானோவோடு நடக்கும். பிறகு தென் அமெரிக்கப் பயணத்தின் நினைவில் மே எழுதிய ‘லாஸ் பலாப்ராஸ் தே அமோர்’. அது சிங்கிளாக வெளிவந்த 1982 ஜூனில் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் ஃபாக்லாந்து தீவுகளுக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஒரு ஆங்கிலக் குழு ஸ்பானிய மொழியில் ‘அன்பின் சொற்கள்’ என்று பாடியதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. கடைசியில், முந்தைய ஆண்டே பிரிட்டனில் முதலிடம் பிடித்துவிட்ட ‘அண்டர் பிரஷர்’. அது மியூனிக்கில் பிறந்ததே அல்ல. 1981 கோடையில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ நகரத்தில் பாடகர் டேவிட் போவியோடு பதிந்தது.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று அப்போதே பேசினார்கள். பிரிட்டனில் நான்காம் இடம், அமெரிக்காவில் 22. ‘பாடி லாங்வேஜ்’ அமெரிக்க சிங்கிள் பட்டியலில் 11 வரை போனது, பிரிட்டனில் 25ல் நின்றது. ‘பேக் சாட்’ 40ஐத் தாண்டவில்லை. ‘தி கேம்’ இரண்டு நாடுகளிலும் முதலிடம் பிடித்திருந்ததால் இதைத் தோல்வி என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

இசையைத் தாண்டியும் இந்தக் கோபத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே, டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியதில் இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அமெரிக்க ராக் ரசிகர்களில் பலருக்கு டிஸ்கோ என்றால் வேண்டாத விருந்தாளி. அந்த இசையை விரும்பியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும் ஒருபாலீர்ப்பாளர்களும் என்பது அந்த வெறுப்பில் எவ்வளவு பங்கு வகித்தது என்று இன்றும் பேசுகிறார்கள். பேச வேண்டும். தோல் உடையும் மீசையுமாக மெர்க்குரி ‘பாடி லாங்வேஜ்’ பாடியபோது அந்தக் கூட்டத்தின் ஒரு பகுதி முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு பேஸ் சத்தம் மட்டுமே காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆறே மாதத்தில் நிலைமை மாறியது. 1982 நவம்பர் கடைசியில் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ வந்தது. நடனப் பாட்டுக்குள் ராக் கலைஞர் எடி வான் ஹேலனின் கிட்டாரை வைத்தார், உலகம் கொண்டாடியது. 1983 ஏப்ரலில் போவி, ஷிக் குழுவின் நைல் ரோஜர்ஸோடு சேர்ந்து ‘லெட்ஸ் டான்ஸ்’ கொடுத்தார், அதையும் கொண்டாடியது. குயீன் கதவைத் தட்டிய நேரத்தில் உள்ளே யாரும் விழித்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

ரீமாஸ்டர் எதைச் செய்யும், எதைச் செய்யாது

2011ல் குயீனின் நாற்பதாம் ஆண்டையொட்டி, பழைய நிறுவனத்திலிருந்து யுனிவர்ஸலின் ஐலண்ட் பிரிவுக்கு மாறிய கையோடு, பதினைந்து ஸ்டுடியோ ஆல்பங்களும் மூன்று தவணையாக மறுபடி வந்தன. ‘ஹாட் ஸ்பேஸ்’ இரண்டாம் தவணையில், ஜூன் 27 அன்று வந்தது. மாஸ்டரிங் செய்தவர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் போர்ட்லேண்ட் நகரில் கேட்வே மாஸ்டரிங் நடத்திய பாப் லட்விக். 1969ல் ‘லெட் செப்லின் 2’ இசைத்தட்டை வெட்டியவர், அதாவது ஒலியைத் தட்டில் பள்ளமாகச் செதுக்கியவர், அவர்தான். அந்த முதல் வெட்டில் சத்தமும் பேஸும் அவ்வளவு தாராளமாக இருந்ததால் மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளியது. தட்டின் ஓரத்தில் அவருடைய இரண்டு எழுத்துக் குறி உள்ள பிரதிகளை இன்றும் தேடி அலைகிறார்கள். அவருடைய 2011 வேலைதான் பிற்பாடு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல்களாகவும் விற்பனைக்கு வந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு. ஒரு பாட்டைப் பதியும்போது டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எல்லாம் தனித்தனித் தடங்களில் உட்காரும். அவற்றைச் சேர்த்து இடது, வலது என்று இரண்டே தடங்களாக ஆக்குவது மிக்ஸ். அந்த இரண்டு தடம் உள்ள டேப்பை எடுத்து, மொத்த ஒலியின் நிறத்தையும் அளவையும் சரிசெய்து, தட்டுக்கோ சிடிக்கோ தயார் செய்வது மாஸ்டரிங். குழம்பு கொதித்து இறக்கியாயிற்று. இனி பரிமாறும் பாத்திரத்தைத்தான் மாற்றலாம், புளியைத் தனியாக வெளியே எடுக்க முடியாது. ‘ரீமாஸ்டரில் கிட்டாரை ஏற்றியிருக்கலாமே’ என்று சொல்பவர்கள் கேட்பது உண்மையில் ரீமிக்ஸை. குயீனின் முதல் ஆல்பத்துக்கு 2024ல் அதுதான் நடந்தது. அந்த 1973 டிரம்ஸ் ஒலியில் குழுவுக்கே திருப்தி இல்லாததால் பல தட டேப்புகளிலிருந்து புதிதாக மிக்ஸ் செய்தார்கள். 2011ல் ‘ஹாட் ஸ்பேஸ்’க்கு நடந்தது அது அல்ல. மாக்கும் குழுவும் 1982ல் முடிவு செய்த மிக்ஸ் அப்படியேதான் இருக்கிறது.

அப்படியானால் மாறியது எது? டேப். சிடி வந்த புதிதில், எண்பதுகளின் நடுவில், எல்பி இசைத்தட்டு வெட்டுவதற்காகத் தயாரித்த நகல் டேப்பையே சிடிக்கும் பயன்படுத்துவது பல நிறுவனங்களில் வழக்கமாக இருந்தது. எல்பிக்கான டேப் என்றால் பேஸைக் கொஞ்சம் அடக்கியிருப்பார்கள், உச்ச ஒலிகளைத் தட்டு தாங்கும் அளவுக்குப் பக்குவப்படுத்தியிருப்பார்கள். பேஸ் அதிகமானால் தட்டின் பள்ளம் அகலமாகும், அகலமானால் ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் அடங்காது. நகல் எடுக்க எடுக்க டேப்பின் இரைச்சலும் ஏறும். ராக் ஆல்பமாக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். கிட்டார் சுவர் எல்லாவற்றையும் மூடிவிடும். நடுவில் காலியாக இருக்கும் இசைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பேஸ் மெலிந்தால் தரையே இல்லாமல் போகும், இரைச்சல் ஏறினால் காலியிடம் அழுக்காகும். 2011 வரிசைக்கு முதல் தலைமுறை மாஸ்டர் டேப்புகளுக்கே திரும்பப் போனார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சட்டியில் இருந்தது. பழைய அகப்பை அடிவரை போகவில்லை.

எண்களின் கதை

இனி அந்த 24ம் 96ம். சிடி என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். பிட் எண்ணிக்கை மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைத் தீர்மானிக்கிறது: 16 பிட்டுக்குச் சுமார் 96 டெசிபல், 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144. கிலோஹெர்ட்ஸ் எண் நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை மாதிரி எடுக்கிறோம் என்பது. அந்த வேகத்தில் பாதிவரை உள்ள அலைவரிசையைப் பிழையில்லாமல் பிடிக்கலாம். ஆகவே சிடி 22 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கும், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் 48 வரை பிடிக்கும். இளம் வயதிலேயே மனிதக் காது ஏறக்குறைய 20க்கு மேல் கேட்பதில்லை. நடுத்தர வயதில் 15 கேட்டாலே சந்தோஷப்படலாம்.

டேப்பின் பக்கம் வாருங்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோ டேப்பின் தூரம் சுமார் 70 டெசிபல். இரைச்சல் குறைப்புக் கருவி சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அதாவது மியூனிக்கில் பதிந்ததெல்லாம் சிடியின் 96 டெசிபலுக்குள்ளேயே தாராளமாக அடங்கும். 24 பிட் ஃபைலில் கூடுதலாகக் கிடைக்கும் கடைசி பிட்டுகளில் இருப்பது டேப்பின் இரைச்சல், மிகத் துல்லியமாக.

டிரம் மெஷின் விஷயம் இன்னும் சுவையானது. அந்தச் சமயத்தில் ஸ்டுடியோக்களில் பரவிக்கொண்டிருந்த லின் எல்எம்-1 என்ற இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான டிரம் ஒலிகளைச் சில்லுக்குள் அடைத்துத் தந்த முதல் கருவி அது. அந்த ஒலிகள் 8 பிட், 28 கிலோஹெர்ட்ஸ். அப்படி ஒரு கருவியின் தாளத்தை 96 கிலோஹெர்ட்ஸில் கேட்டாலும், அது எட்டு பிட்டாகப் பிறந்த ஒலிதான். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்த மொரமொரப்பும் வறட்சியும்தான் அந்தக் காலகட்டத்தின் அழகு.

பலரை உட்காரவைத்து நடத்திய சோதனைகளும் இதையே சொல்கின்றன. பாஸ்டனில் மேயரும் மோரானும் செய்து 2007ல் வெளியிட்ட ஆய்வில், உயர் தர டிஸ்க்கின் ஒலியையும் அதே ஒலியைச் சிடி தரத்தின் வழியாக அனுப்பியதையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். நாணயம் சுண்டினால் வரும் கணக்கு. 2016ல் லண்டனில் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளைக் கணக்கிட்டபோது 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது இன்னும் கூடியது. வித்தியாசம் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ‘திரை விலகியது போல’ என்று சொல்லும் அளவுக்கு அது பெரிதும் இல்லை.

சரி, பிறகு அந்தத் தொலைபேசிக் குரல் எப்படி எனக்குக் கேட்டது?

நான் செய்து பார்த்தது

செய்தது எளிது, யாரும் செய்யலாம். 24/96 ஃபைலை எடுத்து அதிலிருந்தே 16 பிட், 44.1 பிரதி ஒன்றை உருவாக்கினேன். நல்ல மென்பொருளாகப் பார்த்து, டிதர் சேர்த்து. டிதர் என்றால் பிட்டைக் குறைக்கும்போது வரும் கரகரப்பைத் தவிர்க்கக் கலக்கும் மிக மெல்லிய இரைச்சல். இரண்டும் ஒரே மாஸ்டரிங், எண்கள் மட்டுமே வேறு. மூன்றாவதாக ஒரு பழைய சிடியை கணினியில் ஏற்றினேன். பிறகு மூன்றின் ஒலியளவையும் சமப்படுத்தினேன்.

இந்தக் கடைசி வேலையை யாரும் தவறவிடக் கூடாது. 2011 ரீமாஸ்டர் முதல் சிடியைவிடச் சத்தமானது. இரண்டு ஒலிகளில் ஒன்று ஒரு டெசிபல்கூட முழுதாக ஏறியிருக்க வேண்டாம். அதில் கொஞ்சம் ஏறியிருந்தாலே போதும், காது அதைச் ‘சத்தம் கூட’ என்று எடுத்துக்கொள்ளாது, ‘தரம் கூட’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். நாம் எல்லோரும் இதில் ஏமாறுகிறவர்கள்தான். சத்தத்தைச் சமமாக்காமல் செய்த ஒப்பீட்டை நான் இப்போதெல்லாம் படிப்பதே இல்லை.

தம்பியை உட்காரவைத்து, எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். 24/96க்கும் அதிலிருந்து இறக்கிய 16/44.1க்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சில இடங்களில் தெரிந்ததாக நினைத்தேன். பார்த்தால் தவறாகச் சொல்லியிருந்தேன். இரண்டிலும் அந்த ஜெர்மன் குரல் அதே தெளிவோடு இருந்தது. பழைய சிடியைப் போட்டபோது மட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது. அதிலும் குரல் இருந்தது, சொற்களும் புரிந்தன. ஆனால் அதைச் சுற்றி இருந்த இருட்டு மாறியிருந்தது. பேஸ் மெலிந்திருந்தது, உச்சத்தில் ஒரு கூச்சம்.

ஆக, அன்று நான் கேட்டது டேப்பையும் லட்விக்கையும். எண்களை அல்ல. 43 நிமிட ஆல்பம், சுருக்காமல் வைத்தால் சிடி தரத்தில் 460 எம்பி, 24/96ல் ஒன்றரை ஜிபி. அந்தக் கூடுதல் ஒரு ஜிபிக்கு ஸ்டுடியோவில் மதிப்பு உண்டு. பேஸை ஏற்றி, நடுவைத் தணித்து, மறுபடி மாற்றி என்று கணக்குப் போடும்போது பிழை சேராமல் இருக்க அந்த இடம் தேவை. பாகம் பிரிக்கும்போது பெரிய மனை வேண்டும் என்பது போல. வேலை முடிந்து என் கைக்கு வரும்போது சிடி தரமே போதுமானதாக இருக்கிறது.

என்ன தெரிகிறது

முதல் பக்கத்தில்தான் பலன் அதிகம். ‘ஸ்டேயிங் பவர்’ பழைய சிடியில் ஊதுகருவிகள் ஒரே கொத்தாகக் காதைக் குத்தும். இப்போது ட்ரம்பெட் எங்கே முடிகிறது, அடியிலிருக்கும் கருவி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடிகிறது. மெர்க்குரி வாசித்த சிந்தசைஸர் பேஸ் அதன் கீழே தரையாக நிற்கிறது. ‘பாடி லாங்வேஜ்’ பாட்டில் கிட்டார் ஏறக்குறைய இல்லை. இதைத்தான் 1982ல் ‘பாட்டே இல்லை’ என்று திட்டினார்கள். நல்ல மாஸ்டரிங்கில் கேட்டால் அந்தக் காலியிடம் விட்டுப்போன இடமாகத் தெரிவதில்லை, விட்ட இடமாகத் தெரிகிறது. ஒரு பேஸ் அடி விழுகிறது, அடுத்த அடிவரை காற்று. அந்தக் காற்றில் மெர்க்குரியின் மூச்சு. சுகர் ஷேக்கின் பெரிய ஸ்பீக்கர்களுக்காகக் கட்டிய வீடு இது. சின்ன டிரான்சிஸ்டரில் கேட்டவர்களுக்குச் சுவர் மட்டும்தான் தெரிந்தது, முற்றம் தெரியவில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ‘பேக் சாட்’. இந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு சண்டை உண்டு. கிட்டார் தனி வாசிப்பே வேண்டாம் என்று டீக்கன் நினைத்தார். மேவுக்கு அதில் உடன்பாடில்லை. வாக்குவாதம் முற்றி, கடைசியில் மே வாசித்தார். ரிதம் கிட்டாரை டீக்கனே வாசித்தார், ஷிக் பாணியில் வெட்டி வெட்டி, ஒவ்வொரு வெட்டும் சிறு கத்தரி ஒலி போல. ரீமாஸ்டரில் அந்த வெட்டுகள் எவ்வளவு உலர்ந்தவை, எதிரொலியே இல்லாமல் எவ்வளவு காதருகில் வைக்கப்பட்டவை என்று தெரிகிறது. பிறகு மேயின் தனி வாசிப்பு நுழையும். அது வேறொரு அறையிலிருந்து வருவது போல இருக்கும். இரண்டு பேரும் ஒரே பாட்டில் இரண்டு விதமான இசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய பிரதியில் இது ஒட்டாத மிக்ஸ் போலத் தோன்றியது. இப்போது அது இரண்டு மனிதர்களின் கருத்து வேறுபாடாகக் கேட்கிறது. பாட்டின் பெயரே ‘எதிர்த்துப் பேசுதல்’ என்பதால், அந்தச் சண்டை உள்ளே இருப்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அது இல்லாமல் பாட்டு பாதிதான்.

‘ஆக்‌ஷன் திஸ் டே’ மாறவில்லை. அதன் தாளம் இயந்திரத்தனமாக, அசையாமல் இடிக்கிறது. எந்த டேப்பிலிருந்து எடுத்தாலும் இடிக்கும். பாட்டு பலவீனம் என்றால் தெளிவு அதைக் காட்டிக்கொடுக்கத்தான் செய்யும். டெய்லர் பிற்காலப் பேட்டிகளில் இந்த ஆல்பத்தின் மீதான அதிருப்தியை மறைத்ததில்லை. இந்த இடத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

இரண்டாம் பக்கத்தைச் சீக்கிரம் கடக்கலாம், ஏனென்றால் அங்கே பழைய சிடியும் மோசமில்லை. ‘கூல் கேட்’ மட்டும் விதிவிலக்கு. டீக்கனும் மெர்க்குரியும் சேர்ந்து எழுதிய மெதுவான பாட்டு, மெர்க்குரி முழுவதும் கள்ளக்குரலில் (ஃபால்செட்டோ) பாடுகிறார். முதலில் போவியும் இதில் பின்குரல் கொடுத்திருந்தார். அவருக்கே அது திருப்தி தராமல், வெளியீடு நெருங்கிய நேரத்தில் எடுக்கச் சொல்லி எடுத்தார்கள். அந்தக் கள்ளக்குரலின் ஓரத்தில் இருந்த சரசரப்பு இப்போது இல்லை. அதற்கடுத்து ‘அண்டர் பிரஷர்’ தொடங்கியதும் அறையே மாறுகிறது. மோன்ட்ரூவில் பதிந்து நியூயார்க்கில் மிக்ஸ் செய்தது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், காதே சொல்லிவிடும்.

2015ல் இதே வரிசை வண்ண இசைத்தட்டுகளாக ஒரு பெட்டியில் வந்தது. அவை லண்டனின் அபே ரோடு ஸ்டுடியோவில் பாதி வேகத்தில் வெட்டப்பட்டவை. தட்டு 33⅓ சுற்றுக்குப் பதில் 16⅔ சுற்றில் ஓடும், ஒலியும் பாதி வேகத்தில் போகும். 20 கிலோஹெர்ட்ஸ் ஒலி வெட்டும் ஊசிக்கு 10 கிலோஹெர்ட்ஸாகத்தான் தெரியும், அதனால் நிதானமாக வெட்டலாம். நல்ல வேலை. ஆனாலும் இந்த ஆல்பத்தின் பேஸுக்கு நான் ஃபைலையே தேர்ந்தெடுப்பேன். முதல் பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அவ்வளவு நேரத்தை ஒரு பக்கத்தில் அடக்க பேஸோ சத்தமோ கொஞ்சம் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ரீமாஸ்டர் கேட்டுவிட்டு இந்த ஆல்பத்தை வெறுத்தவர்கள் எல்லோரும் மனம் மாறுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். குயீன் என்றால் அடுக்கடுக்கான கிட்டாரும் கூட்டுக் குரல்களும் என்று நம்பி வந்தவருக்கு அவை இங்கே குறைவு, எவ்வளவு பிட் கொடுத்தாலும் குறைவுதான். அவர் ஏமாந்தது நியாயமான ஏமாற்றம். ஒலி மோசம் என்பதால் பிடிக்காமல் போனவர்களுக்கு மட்டுமே இந்த மருந்து வேலை செய்யும். 

2011 பதிப்போடு வந்த இரண்டாவது டிஸ்க்கில் அந்த ஏமாந்தவருக்கும் ஒன்று இருக்கிறது. 1982 ஜூன் 5, மில்டன் கீன்ஸ் மைதானம், ‘ஸ்டேயிங் பவர்’ நேரடி நிகழ்ச்சி. அன்று புதுப் பாட்டுகளுக்குப் போகும் முன், இதற்காக எங்கள் ராக் உணர்வு போய்விட்டதாக நினைக்காதீர்கள், இது வெறும் ஒரு ரெக்கார்டுதானே என்று கூட்டத்திடம் மெர்க்குரி சொன்னார். ஊதுகருவிகள் இல்லை. டீக்கன் பேஸை இறக்கிவைத்துவிட்டுக் கிட்டாரை எடுத்துக்கொள்கிறார். டெய்லர் தோல் டிரம்ஸை அடிக்கிறார், மே இடைவெளிகளை எல்லாம் நிரப்பிவிடுகிறார். அருமையாக இருக்கிறது. இரண்டு முறை கேட்டேன். பிறகு முதல் டிஸ்க்கை மறுபடி போட்டு, ‘டான்ஸர்’ முடியும்வரை காத்திருந்தேன்.